ஹாஜரா கிச்சன் குடும்பத்தாரின் வாழ்த்து

ஹாஜரா படியேறி வந்ததும் ஷாஹிரா எழுந்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். சூலியா தெருவின் அந்த மேல்மாடி அறையில் மதியத்துக்குப் பிறகு வெயில் ஓட்டுக்கூரையைத் தாண்டி உள்ளே இறங்கிவிடும். கீழே இத்ரீஸின் நாணய மாற்றுக் கடை. அங்கிருக்கும் குளிர், மரப்படியில் பாதிவரை ஏறி வந்து அத்தோடு நின்றுவிடும்.

“பசியாறியாச்சா அக்கா?”

ஹாஜரா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடித் திறந்து, மேசைமேல் வைத்து ஷாஹிராவின் பக்கமாகத் தள்ளினாள்.

அது அவளுடைய கடைப் பக்கம். கடை என்று தனியாக எதுவும் கிடையாது, ஜெலுத்தோங்கில் அவள் வீட்டு அடுப்படிதான். விருந்துகளுக்கு நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆர்டர் எடுத்துச் சமைத்து அனுப்புகிறாள். ‘ஹாஜரா கிச்சன்’ என்ற அந்தப் பக்கத்தில் ஆவி பறக்கும் சட்டிகளின் படங்களாக இருந்தன. நடுவில் ஒரு படம் மட்டும் ரோஜாப்பூ ஓரம் வைத்துப் பளபளத்தது.

‘நம் சங்கத்துச் சகோதரர் ஹஸ்ருல் அவர்களின் நிச்சயதார்த்தச் செய்தி கேட்டுப் பெரிதும் மகிழ்கிறோம். இந்த நல்ல காரியம் இனிதே நிறைவேற முழுமனதோடு வாழ்த்துகிறோம். இவண், ஹாஜரா கிச்சன் குடும்பத்தார்.’

ஹஸ்ருல் ஹாஜராவின் கணவன்.

ஷாஹிரா இன்னொரு முறை படித்தாள். எழுத்தும் பூவும் அவள் வரைந்து வைத்தவை. கடைசி வரியில் எந்தக் கடையின் பக்கமோ அந்தக் கடையின் பெயர் தானாக வந்து உட்காரும்படி செய்ததும் அவள்தான்.

“இது நம்ம ஆப்லேர்ந்து போனது அக்கா. எல்லாக் கடைக்கும் போயிருக்கும்.”

“போயிருக்கு. பாத்தேன். எல்லாக் கடையிலயும் இதே பூவுதான். ஆனா மத்த கடக்காரங்க யாரும் அவருக்குப் பொண்டாட்டி இல்ல பாரு.”

ஷாஹிராவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

“கீழ படிச்சுப் பாரு. ‘ரொம்பப் பெரிய மனசு அக்கா’ன்னு ஒருத்தி. அழுவுற மூஞ்சி போட்டு ஒருத்தி. என் மாமியா ஹார்ட் போட்டிருக்கு. இத்தன வருசத்துல என் சோத்துக்கு ஒரு ஹார்ட் போட்டதில்ல லா அது.”

பிறகுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். கல்யாணம் இன்னும் ஆகவில்லை. சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் ஹஸ்ருலின் கடையில் வேலைக்கு வந்த பெண். இரண்டாவதாகக் கட்டிக்கொள்ள ஷரியா நீதிமன்றத்தில் ஹஸ்ருல் அனுமதி கேட்டிருக்கிறான். கேட்பதற்கு முன்னாலேயே மோதிரம் போட்டாகிவிட்டது. அடுத்த வாரம் விசாரணை. நீதிபதி மனைவியைக் கூப்பிட்டு அவள் நினைப்பது என்ன என்று கேட்பார். ஹஸ்ருலின் வழக்கறிஞர் இந்த வாழ்த்தைப் படம் பிடித்துக் கோப்பில் சேர்த்துவிட்டார். மனைவிக்கு மனப்பூர்வமான சம்மதம், ஊரறிய வாழ்த்தியிருக்கிறார், என்று.

“நா வேணாம்னு சொல்லலாம்னு இருந்தேன்,” என்றாள் ஹாஜரா. “நா சொல்றதுக்கு முன்னாடி என் கட சொல்லிருச்சு.”

“நான் வந்து சொல்றேன் அக்கா. சங்கம் போட்டதுன்னு.”

“அத என் லோயரே சொல்லிருச்சு. அதுக்கு அவரு லோயரு திருப்பிக் கேக்கறாரு, சங்கம் போடலாம்னு அனுமதி குடுத்தது யாருன்னு.” ஹாஜரா முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். “நா குடுத்தேனா ஷாஹிரா? எனக்கு ஞாபகம் இல்ல. நெசமாத்தான் கேக்கறேன்.”

கீழே யாரோ ஒருவர் ரூப்பியாவுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார். இத்ரீஸ் சத்தமாகச் சொன்னார். ஷாஹிரா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஆப் மரணச் செய்திக்காகத் தொடங்கியது. ஒருவர் இறந்தால் சில மணி நேரத்தில் அடக்கம் செய்துவிட வேண்டும். தொழுகைக்கு ஆள் வர வேண்டும். சங்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் கடைக்காரர்கள். வாட்ஸப் குழுவில் வரும் நூறு செய்திகளுக்கு நடுவே மவுத்துச் செய்தி காணாமல் போகும். ஆனால் ஒவ்வொருவருக்கும் கடைப் பக்கம் இருந்தது. ஊரே அதைப் பார்க்கிறது. செயலாளர் இத்ரீஸ் ஒரே இடத்தில் ஒரு வரி எழுதினால் எல்லாக் கடைப் பக்கங்களிலும் அது வந்துவிட வேண்டும். அவர் கேட்டார், ஷாஹிரா செய்து கொடுத்தாள். அதற்காகத்தான் இந்த அறையும் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது.

அதற்கு ஒவ்வொரு கடைக்காரரும் ஒருமுறை அனுமதி தர வேண்டும். ‘இந்தச் செயலி உங்கள் பக்கத்தில் உங்கள் பெயரில் பதிவிடும். சம்மதமா?’ என்று திரையில் கேட்கும். சம்மதம் என்று அமுக்கினால் ஒரு சாவி கிடைக்கும். அது கண்ணுக்குத் தெரியாத நீளமான எழுத்துக்கூட்டம். ஷாஹிராவின் கணினியில் அது இருக்கும்வரை மறுபடி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்தச் சாவிகள் எல்லாம் ஒரே மாலையில் சேர்ந்தவை. நபி பிறந்த மாதத்தில் சங்கம் நடத்திய மௌலூது விருந்தன்று பெண்கள் பகுதியில் ஒரு மேசை போட்டு அவள் உட்கார்ந்தாள். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, படிக்கச் சொல்லி, அமுக்கச் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தாள். முதலில் வந்த மாமி கண்ணாடி கொண்டுவரவில்லை. “நீயே அமுத்திரும்மா, ஒனக்குத் தெரியாததா” என்று போனைத் திறந்து கையில் கொடுத்துவிட்டுச் சோறு போடப் போய்விட்டார். அடுத்தவரும் அப்படியே. இந்த ஊரில் வங்கி இயந்திரத்தின் ரகசிய எண்ணைக்கூட நம்பிக்கையானவர்களிடம் சொல்லி எடுத்துவரச் சொல்வார்கள். கேள்வி கேட்டுக்கொண்டு நிற்பதுதான் மரியாதைக் குறைவு. கொஞ்ச நேரத்தில் மேசைமேல் போன்கள் வரிசையாகக் கிடந்தன, தொழுகைக்குப் போனவர்கள் விட்டுச்சென்ற செருப்புகள்போல. ஷாஹிரா ஒவ்வொன்றாக எடுத்தாள். சம்மதம், சம்மதம், சம்மதம் என்று அமுக்கிக்கொண்டே போனாள்.

ஹாஜராவும் அன்றைக்கு வந்தாள். சோற்றுச் சட்டிக்கும் மேசைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். “எதுக்கு இது?” என்று கேட்டாள். “மவுத்துச் செய்திக்கு அக்கா” என்றாள் ஷாஹிரா. ஹாஜரா ஒன்றும் சொல்லாமல் போனை நீட்டினாள்.

ஒன்றும் சொல்லாததை ஷாஹிரா சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். தன் நிக்காஹ்கூட அப்படித்தானே நடந்தது என்று இப்போது நினைத்தாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து வாப்பா கேட்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் “சரிங்கறா, சரிங்கறா” என்றார்கள். அன்று அவளுக்கு உண்மையிலேயே சம்மதம்தான். ஆனால் சம்மதம் இல்லாமல் இருந்திருந்தாலும் தலை அதே மாதிரிதான் குனிந்திருக்கும்.

ஹாஜரா போன பிறகு ஷாஹிரா ஆப்பின் பதிவேட்டைத் திறந்தாள். ஹாஜரா கிச்சன் என்ற பெயருக்கு எதிரே, அனுமதித்தவர் சித்தி ஹாஜரா என்று அவளுடைய முழுப்பெயர் இருந்தது. இயந்திரத்தைப் பொறுத்தவரை அது பொய் அல்ல. அவள் போன், அவள் கணக்கு, அவள் பெயர். எந்த விரல் என்று அது கேட்பதில்லை.

பதிவேட்டில் எழுதப்படாத இன்னொன்றும் இருந்தது. அது நினைவுக்கு வந்தபோது ஷாஹிரா கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். விருந்து நடந்த மாலையில் வாழ்த்து என்ற ஒன்றே அந்த ஆப்பில் கிடையாது. ரோஜாப்பூ இல்லை, ‘முழுமனதோடு’ இல்லை. சில மாதம் கழித்து இத்ரீஸ் வந்து, “மவுத்து மட்டுமே போயிட்டிருந்தா நம்ம ஆப்பப் பாத்தாலே பயப்படுறாங்கம்மா, கல்யாணம் காச்சியும் போடுவோம்” என்றார். சாவிகள் ஏற்கெனவே கையில் இருந்தன. அனுமதி கேட்டபோது, பின்னால் தேவைப்படலாம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்தே கேட்டிருந்தாள். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தாள். யாரையும் மறுபடி கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஒரு வேலைக்கென்று கொடுத்த சாவியால் இன்னொரு அறையைத் திறந்திருக்கிறாள். கதவு திறந்தது என்பதால் அது சரியான கதவு என்று நினைத்திருக்கிறாள்.

மறுநாள் ஹாஜராவின் வழக்கறிஞர் சுஹானா போனில் பேசினாள். இளம் குரல், நேரான பேச்சு.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன் அக்கா. அந்த அனுமதிய யாரு அமுத்துனாங்க? ரெக்கார்டுல ஹாஜராக்கான்னு இருந்தா, நீங்க வராம இருக்கறதுதான் எங்களுக்கு நல்லது.”

“ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு.”

“அப்போ?”

“அமுத்துனது நான்.”

“வந்து சொல்வீங்களா?” என்று மட்டும் சுஹானா கேட்டாள். பிறகு, “யோசிச்சிட்டுச் சொல்லுங்க. ஒரு கடைய மட்டும் நீங்க அமுத்தலன்னு அவங்க லோயருக்கும் புரியும்.”

அது ஷாஹிராவுக்கும் புரிந்தது. கடைப் பக்கங்கள் இருக்கும் தளத்தை நடத்தும் நிறுவனம் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகளுக்கு, பயனர்கள் தாங்களே படித்துத் தாங்களே அனுமதி தருகிறார்கள் என்று பதில் எழுதியிருந்தாள். ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தாள். அதில் ஒரு விரல் நிதானமாக ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி, நின்று, சம்மதம் என்று அமுக்கும். அழகாக வந்திருந்தது. அந்த விரலும் அவளுடையதுதான். ஈப்போவில் ஒரு சங்கம் இதே ஆப்பைக் கேட்டு, அடுத்த மாதம் கையெழுத்து போடுவதாகச் சொல்லியிருந்தது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கீழே இறங்கினாள். இத்ரீஸ் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, ஹஸ்ருல் அண்ணன் விஷயம் நீங்கதானே எழுதுனீங்க?”

“அவன் அனுப்புனான், நான் போட்டேன். மாப்ள பேரு, நிச்சயதார்த்தம்னு ஒரு வரி. வேற என்னா?”

“ஹாஜராக்கா பக்கத்துக்கும் போகும்னு தோணலையா?”

“ஒரு பட்டன் அமுத்துனா எல்லாத்துக்கும் போவுது. நீதானே அப்படிப் பண்ணிக் குடுத்த? யாரு யாருக்குப் பொண்டாட்டின்னு பாத்துப் பாத்துப் போடறதுக்கு நான் என்னா நிக்காஹ் பதிவாளரா?” சொல்லிவிட்டு, தணிந்து, “பாவம் அந்தப் புள்ள. நான் போயி மன்னிப்புக் கேட்டுக்கறேன். நீ கோர்ட்டுக்கெல்லாம் போவாத.”

“அனுமதிய நான்தான் அமுத்துனேன் மாமா. எல்லாருக்கும்.”

“எல்லாருக்கும் தெரியும் லா. அவங்களே குடுத்தாங்க போன. நீ ஒவ்வொருத்தரா உக்கார வச்சுப் பாடம் நடத்தியிருந்தா பிரியாணி ஆறிப் போயிருக்கும்.”

“மவுத்துக்குன்னு சொல்லித்தான் வாங்குனேன்.”

இத்ரீஸ் குவளையைக் கீழே வைத்தார். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி உள்ளே வந்து, பலகையைப் பார்த்து, வெளியே போனார்கள்.

“நல்லா யோசி. இந்த ஆப் இல்லன்னா என்னா ஆவும் தெரியுமா? போன வருசம் கனி பாய் மவுத்துக்கு மசூதி நெறஞ்சு வெளிய நின்னு தொழுதாங்க. அவரு புள்ள என் கையப் புடிச்சு அழுதான். ஒரு பொம்பள வீட்டுச் சண்டைக்காக அத நிறுத்தப் போறியா?”

அவர் சொன்னதில் தவறில்லை. அதுதான் கடினமாக இருந்தது. ஒரு நல்ல காரியத்தின் நன்மையை மறுக்க முடியாது. அந்த நன்மை ஹாஜராவின் வாயிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டதையும் மறுக்க முடியாது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. மசூதி நிறைந்ததற்கு ஹாஜரா எந்தக் கடனும் படவில்லை.

மேலே வந்து சாவிகள் இருந்த பகுதியைத் திறந்தாள். ஹாஜரா கிச்சனை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை விட்டுவிடலாம். விரல் அவற்றின்மேல் நின்றது. அந்த மாமி கண்ணாடி இல்லாமல் வந்தவர். இன்னொருவர் எதுவும் கேட்காமலே போனை வைத்துவிட்டுப் போனவர். இவர்களிடம் இன்னும் சண்டை வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நீக்கினாள். நிச்சயமாகத்தானா என்று இயந்திரம் கேட்டது. அதற்கு மட்டும் அவள் படித்துப் பார்த்துப் பதில் சொன்னாள்.

சங்கக் குழுவில் எழுதினாள். ஆப் நிறுத்தப்பட்டிருக்கிறது, யார் வேண்டுமென்கிறார்களோ அவர்களுக்குத் தனித்தனியாக வந்து, என்னென்ன அனுமதி என்று சொல்லி, அவர்கள் கையாலேயே மறுபடி இணைத்துத் தருகிறேன் என்று. இரண்டு பேர் கட்டை விரலைக் காட்டினார்கள். மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

விசாரணைக்கு முந்தைய நாள் காலை பாலிக் புலாவில் அப்துல் காதர் இறந்துபோனார். ஒரு காலத்தில் சங்கத்தின் பொருளாளர். குழுவில் செய்தி வந்தது, ஏதோ தள்ளுபடி விளம்பரத்துக்கும் யாரோ பேரக்குழந்தையின் வீடியோவுக்கும் நடுவில் போய் மறைந்தது. ஷாஹிரா பார்த்தவுடன் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். பாதிப்பேர் எடுக்கவில்லை. மாலையில் இத்ரீஸ் கூப்பிட்டார்.

“தொழுகையில ஒரு ஸஃபு, ஒரு வரிசகூட முழுசா நெறையலம்மா,” என்றார். கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். “அவ்ளோ பெரிய மனுசன். பின்னாடி எடம் காலியா கெடந்துச்சு. போயி கோர்ட்டுல சாச்சி சொல்லு. சங்கத்துக்கு என்னா பதில்னு நீயே வந்து சொல்லு.”

அவள் நீண்ட நேரம் அந்தக் காலியிடத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய கணக்கில்தான் சேரும். அதையும் சேர்த்துக்கொண்டுதான் நாளை போக வேண்டும்.

நீதிமன்றத்தின் அறை அவள் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. ஹஸ்ருல் பாத்தேக் சட்டையில், தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தான். கெட்டவன் போன்ற தோற்றமே இல்லை, களைத்த மனிதன். ஹாஜரா இன்னொரு பக்கம், மடியில் கைப்பை.

ஷாஹிரா உறுதிமொழி எடுத்த பிறகு, சுஹானா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பிறகு ஹஸ்ருலின் வழக்கறிஞர் எழுந்தார். குரலை உயர்த்தாமல் மலாயில் கேட்டார்.

“போனைத் திறந்து உங்கள் கையில் கொடுத்தது யார்?”

“ஹாஜரா.”

“வற்புறுத்தினீர்களா?”

“இல்லை.”

“வளர்ந்த பெண், தொழில் நடத்துகிறவர், தானே போனைக் கொடுக்கிறார். அது அனுமதி இல்லையா?”

“மரணச் செய்திக்கு அனுமதி. நான் அதற்கென்று சொல்லித்தான் வாங்கினேன். வாழ்த்து பிற்பாடு வந்தது. அதற்கு அவரிடம் யாரும் கேட்கவில்லை.”

“மற்ற கடைகளுக்கும் நீங்கள்தான் அமுக்கினீர்களா?”

“ஆமாம்.”

“எல்லாவற்றுக்கும்?”

“எல்லாவற்றுக்கும்.”

வழக்கறிஞர் அதைக் குறித்துக்கொண்டார். அது எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று ஷாஹிராவுக்குத் தெரிந்தது. சங்கத்துக்குப் போகும், ஈப்போவுக்கும் போகும். நீதிபதி முகவாயைத் தேய்த்தபடி அவளைப் பார்த்தார்.

“அந்த வாசகத்தை எழுதியது யார்? முழுமனதோடு என்பது?”

“நான்தான், துவான். எல்லோருக்கும் பொதுவாக எழுதியது.”

“எழுதும்போது யாருடைய மனதை நினைத்தீர்கள்?”

அவள் யோசித்தாள். “யாரையும் நினைக்கவில்லை,” என்றாள்.

நீதிபதி ஏதோ எழுதினார். அந்தப் பதிவை மனைவியின் கருத்தாக எடுத்துக்கொள்வதற்கில்லை என்றார். அடுத்து மனைவியையே கேட்கப்போவதாகச் சொல்லி, சாட்சி வெளியே காத்திருக்கலாம் என்றார். கதவு பின்னால் மூடிக்கொண்டது.

வெளியே நீல நிற நாற்காலிகள். பக்கத்தில் ஒரு பெண் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள். உள்ளே பேசுவது எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் சரி என்று ஷாஹிராவுக்குத் தோன்றியது. போனை எடுத்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

ஹாஜரா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கேட்டாரு. வேணாம்னேன்,” என்றாள். “நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களான்னு மறுபடியும் கேட்டாரு. மறுபடியும் அதையேதான் சொன்னேன். வாய் வறண்டு போச்சு.”

“தீர்ப்பு?”

“அடுத்த மாசமாம். அனுமதி குடுத்தாலும் குடுத்துருவாரு. நா வேணாம்னா நின்னுரும்னு இல்லையே. லோயரு மொதல்லயே சொல்லிருச்சு.” கைப்பையைத் திறந்து மூடினாள். “மாமியா இன்னியிலேர்ந்து பேசாது.”

“அக்கா, நான் அன்னிக்கு உங்ககிட்ட...”

“விடு. நானும் மேல கேக்கல, நீயும் மேல சொல்லல. எனக்கு அப்ப சோறு அடிப் புடிக்குதுன்னு பயம்.” அவள் லேசாகச் சிரித்தாள். “காதர் மாமா மவுத்து எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும். சோறு ஆக்கிக் குடுத்திருப்பேன்.”

இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

ஹஸ்ருல் தன் வழக்கறிஞரோடு வெளியே வந்தான். அவரை அனுப்பிவிட்டு, இவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றான். சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டே, ஷாஹிராவைப் பார்க்காமல், “புள்ளைங்க ஸ்கூல் விடுற நேரமாச்சு. வரியா, எடுத்துட்டுப் போயிருவோம்,” என்றான்.

ஹாஜரா எழுந்தாள். ஷாஹிராவின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு அவன் பின்னால் நடந்தாள். வாகனம் நிறுத்தும் இடத்தில் ஹஸ்ருல் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பின்கதவைத் தானே திறந்து உள்ளே உட்கார்ந்தாள். அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு முன்கதவைச் சாத்திவிட்டு, சுற்றிப் போய் ஸ்டியரிங் பக்கம் ஏறினான். கார் மெதுவாகப் பின்வாங்கித் திரும்பியது.